வீடியோ கேமில் நிஜமான இயற்பியல்: அதில் அப்படி என்ன சுவை?

நெம்புகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு இயக்கவியல் பாடம் எடுப்பவன். வீடியோ கேம்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் எறிபொருளின் பாதையைப் பற்றி வகுப்பில் பேசத் தொடங்கினாலே மாணவர்கள் 'ஆங்க்ரி பேர்ட்ஸ்' என்று சொல்லிவிடுவதால், அதையும் வேறு சில விளையாட்டுகளையும் நானே விளையாடிப் பார்த்தேன். அப்போது எழுந்த ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன்.

பின்லாந்தைச் சேர்ந்த ரோவியோ நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆங்க்ரி பேர்ட்ஸில் பறவை செல்லும் பாதை ஏறத்தாழ பாடப்புத்தகத்துப் பரவளையமேதான். முந்தைய எறிதலின் பாதை வானில் புள்ளிகளாக நின்றுவிடுவதால், அடுத்த முறை கவணை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதைக் கண்ணாலேயே அளந்து திருத்திக்கொள்ள முடிகிறது. இதில் உள்ள இன்பம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மாரியோ நடுவானில் திசை மாறுகிறார். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் கூடுதல் உயரம் தாவுகிறார். மேலே போகும்போது ஓர் ஈர்ப்பு, கீழே விழும்போது அதைவிட வலிய ஈர்ப்பு. எந்த விதிக்கும் அடங்காத இந்தத் தாவலை யாரும் பொய் என்று குறை சொல்வதில்லை. அதே மாணவர்கள், கார் ஓட்டும் விளையாட்டில் டயரின் பிடிப்பு சற்றுப் பிசகினாலும் "ஃபிசிக்ஸ் சரியில்லை" என்று கொதித்துப் போகிறார்கள்.

வேலையையும் பாடத்தையும் மறப்பதற்காக விளையாட உட்காருபவர், அங்கேயும் உராய்வையும் உந்தத்தையும் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? நிஜத்தைப் பின்பற்றுவதே சுவை என்றால் மாரியோ ஏன் சுவைக்கிறார்? அது சுவையில்லை என்றால், பொருள்களின் இயக்கத்தையும் மோதலையும் கணக்கிடும் நிரல்களான இயற்பியல் எஞ்சின்களுக்காக நிறுவனங்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன?

பின்னிரவு நிரலர் எழுதியது:

வணக்கம் ஐயா. கைபேசி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விளையாடுபவர் தேடுவது உண்மையை அல்ல, நம்பத்தகுந்த ஒரு விதியை என்பது என் கருத்து. நிஜ இயற்பியல் அப்படிப்பட்ட விதிகளில் ஒன்று. ஒன்றே ஒன்று அல்ல.

1962இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் சிலர் பிடிபி-1 கணினியில் எழுதிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டில் திரையின் நடுவே ஒரு நட்சத்திரம் இருக்கும். இரண்டு விண்கலங்களையும் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பைப் பயன்படுத்தி நட்சத்திரத்தைச் சுற்றி வளைந்து வந்து எதிரியைத் தாக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தக் கலங்கள் சுடும் ஏவுகணைகளை நட்சத்திரம் இழுக்காது. அவற்றுக்கும் ஈர்ப்பைக் கணக்கிடும் அளவுக்கு அந்தக் கணினிக்கு வேகம் போதவில்லை, அவ்வளவுதான் காரணம். கலத்துக்கு நியூட்டன் உண்டு, ஏவுகணைக்கு இல்லை. இது அப்பட்டமான முரண். ஆயினும் அந்த முரண் எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொண்டதால், விளையாடியவர்கள் அதையும் ஒரு விதியாகவே கற்றுக்கொண்டு அதை வைத்தே திட்டம் போட்டார்கள்.

அப்படியானால் நிஜத்தைப் போன்ற இயற்பியல் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதே அதன் பெரும் பலம். வால்வ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டின் தொடக்கப் பகுதியில், வறண்ட கால்வாய்களின் ஊடே தப்பித்து ஓடும்போது ஓரிடத்தில் வழி அடைபட்டுப் போகும். எதிரே ஏற முடியாத உயரத்தில் ஒரு மேடை, அதன் முன்னே ஏற்றப்பலகை (சீசா) போல ஒரு நீளப் பலகை, பக்கத்தில் சில சிமென்ட் கற்கள். பலகையில் ஏறி நடந்தால் நம் எடைக்கு அந்த முனை தாழ்ந்துவிடும். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து மறுமுனையில் அடுக்கினால் பலகை நம்மைத் தாங்கும், ஏறிப் போய்விடலாம். திரையில் ஒரு குறிப்பும் வராது, அம்புக்குறியும் வராது. ஏற்றப்பலகையில் ஆடிய எந்தப் பிள்ளைக்கும் விடை தெரியும். உங்கள் புனைபெயரே நெம்புகோல் என்பதால் இதை உங்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உருவான ஹாவோக் எஞ்சினின் அடிப்படையில் அந்தக் கணக்கு நடந்தது. புதிர்களில் ஒருவகைப் புதிர் உண்டு: அதை அமைத்தவர் மனத்தில் என்ன நினைத்தார் என்று நாம் ஊகிக்க வேண்டும். இது அப்படியல்ல, பொருள்களின் எடையை யோசித்தால் போதும். சுவை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் நிஜத்தின் மீதுள்ள ஆசை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1998இல் வெளிவந்த 'டிரெஸ்பாசர்' என்ற டைனோசர் விளையாட்டு, எல்லாப் பொருள்களுக்கும் நிறையும் உராய்வும் கொடுத்து, அவற்றை நம் கதாபாத்திரத்தின் ஒற்றைக் கையால் எடுக்கவும் அடுக்கவும் எறியவும் வைத்தது. நோக்கம் ஹாஃப்-லைஃப் 2இன் நோக்கமேதான். காலத்தால் ஆறு ஆண்டுகள் முந்தியது. மவுஸை அசைத்தால் அந்தக் கை ரப்பர் குழாய் போல வளையும். அடுக்கிய பெட்டி நடுங்கி வழுக்கும். துப்பாக்கி கதவு நிலையில் இடித்துக் கீழே விழும். கணக்கு நடந்தது, ஆனால் நாம் இதைச் செய்தால் இது நடக்கும் என்ற உறுதி பிறக்கவில்லை. விளையாட்டு விற்பனையில் தோற்றுப்போனது.

எங்கள் தொழிலில் காலத்தைத் துண்டு துண்டாகத்தான் கணக்கிடுகிறோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நொடிக்கு 60 முறை கணக்கிடும் விளையாட்டில், நொடிக்கு 900 மீட்டர் செல்லும் துப்பாக்கிக் குண்டு ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குள் 15 மீட்டரைத் தாண்டிவிடும். இடையில் ஒரு சுவர் இருந்தால், குண்டு சுவருக்கு முன்னால் இருந்ததும் கணினிக்குத் தெரியும், பின்னால் இருந்ததும் தெரியும். மோதியது மட்டும் தெரியாது. அதனால் பல விளையாட்டுகளில் குண்டு என்ற பொருளே கிடையாது. விசையை அழுத்தியவுடன் துப்பாக்கி முனையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்து, அது எதில் படுகிறது என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடும். இது பொய்தான். ஆனால் குறி வைத்த இடத்தில் அடி விழுகிறது என்பதால் பெரும்பாலோர் இதை உணர்வதே இல்லை.

மாரியோவும் இந்த வகைதான். கட்டை விரல் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறது என்பதற்கும் தாவலின் உயரத்துக்கும் உள்ள உறவு ஒருபோதும் மாறாது. நிஜ ஈர்ப்பில் அவரைத் தாவவிட்டால், இறங்கி வரும்வரை காத்திருந்து சலித்துப் போவோம். கேரம் பலகையில் பவுடர் தூவுவதை யாராவது இயற்பியலுக்கு எதிரான மோசடி என்று சொல்வார்களா? காய் சீராக ஓட வேண்டும் என்பதற்காக உராய்வை நாமே திருத்தி வைத்துக்கொள்கிறோம். விளையாட்டை வடிவமைப்பவரும் அந்தப் பவுடரைத்தான் தூவுகிறார்.

நாலாவது கியர் எழுதியது:

நிரலர் அவர்களே, நம்பத்தகுந்த விதி என்று நீங்கள் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் உருவான 'பீம்என்ஜி' என்ற கார் விளையாட்டைப் பாருங்கள். அதில் கார் என்பது நூற்றுக்கணக்கான புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான கம்பிகளும் கொண்ட வலை. ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு நீளும், எவ்வளவு வளைந்தால் திரும்பி வராது என்பதை நொடிக்கு 2000 முறை கணக்கிடுகிறார்கள். சாலையோரத் திண்டில் முன் சக்கரம் லேசாக உரசினாலும் இணைப்புத் தண்டு வளைந்து, அதன்பின் கார் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். முன்பக்கம் நசுங்கினால் ரேடியேட்டர் ஒழுகி, எஞ்சின் சூடேறிச் சற்று நேரம் கழித்து நின்றுபோகும். யூடியூபில் இதைப் பார்த்து மகிழ்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் திட்டமும் போடுவதில்லை. மலைச்சரிவில் காரை உருட்டிவிட்டு அது எப்படிச் சிதைகிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நசுங்குவதுதான் அதில் கவர்ச்சி. எதிர்பார்த்தது நடப்பதில் சுவை இருப்பது போலவே, எதிர்பாராதது நம்பும்படியாக நடப்பதிலும் சுவை இருக்கிறது.

டயர் பற்றி நெம்புகோல் ஐயா கேட்டதற்கு என் விடை: நிஜ காரில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது, முன் டயர்கள் பிடிப்பை முழுவதும் இழப்பதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். டயர் தானாக நேராக வர முயலும் விசை, பிடிப்பின் உச்சத்துக்கு முன்பே குறையத் தொடங்குவதுதான் காரணம். நல்ல பந்தய விளையாட்டை விசை உணர்த்தும் ஸ்டியரிங் வைத்து ஓட்டினால் அந்த இலேசான உணர்வு கைக்கு வந்து சேரும். அதைக் கொண்டுதான் எவ்வளவு வேகத்தில் வளையலாம் என்று முடிவு செய்கிறோம். டயரின் கணக்கு தவறாக இருந்தால் அந்த முன்னறிவிப்பு வராமல் கார் திடீரென்று வழுக்கிவிடும். மாணவர்கள் கொதிப்பது உண்மைக்காக அல்ல ஐயா, எச்சரிக்கை இல்லாமல் தோற்றுப்போவதற்காக. இந்த ஒன்றில் மட்டும் நிரலரோடு உடன்படுகிறேன்.

வால்மீன் எழுதியது:

உண்மைக்கு இங்கே யாரும் வழக்காட வரவில்லை என்பதால் நான் வருகிறேன். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனத்தில் உருவாகி 2011இல் முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்து, 2015இல் முழுப் பதிப்பாக வெளியான 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாட்டை நெடுங்காலமாக விளையாடி வருகிறேன். ராக்கெட்டை நாமே பாகம் பாகமாகப் பொருத்தி, கெர்பின் என்ற கோளிலிருந்து ஏவ வேண்டும்.

அதில் இரண்டு விண்கலங்களைச் சுற்றுப்பாதையில் இணைப்பதுதான் முதல் பெரிய தடை. இலக்கு நமக்கு முன்னே, அதே சுற்றுப்பாதையில், கண்ணுக்கு எதிரே போய்க்கொண்டிருக்கும். அதை நோக்கி எஞ்சினை இயக்கினால் நம் வேகம் கூடும். வேகம் கூடினால் சுற்றுப்பாதை விரியும். விரிந்த பாதையைச் சுற்றிவர நேரம் அதிகமாகும். ஆகவே துரத்தத் துரத்த இலக்கு நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். முன்னே போவதைப் பிடிக்க வேண்டுமானால் கலத்தைப் பின்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும். வரைபடத் திரையில் நம் பாதையின் எதிர்ப்பக்கம் மெல்லத் தாழ்வதைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை அணைத்து, அந்தக் குறுகிய பாதையில் ஒன்றிரண்டு சுற்று வந்தால் இலக்கு தானாகவே பக்கத்தில் வந்து நிற்கும்.

இது கேட்பதற்கு எளிது. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுமந்து வந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்றபோது, விமானம் ஓட்டும் வழக்கப்படி அதை நோக்கியே கலத்தைச் செலுத்தினார். அது விலகிப் போனது, எரிபொருள் கரைந்தது, முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் ஜெமினி 6, ஜெமினி 7 கலங்கள் சில அடி தொலைவுக்கு நெருங்கி வந்து அதைச் சாதித்துக் காட்டின. தேர்ந்த விமானியையே ஏமாற்றிய ஒன்றை இன்று பள்ளி மாணவர் விரல்களால் பழகிக்கொள்கிறார். விதி வெறுமனே நம்பத்தகுந்ததாக இருந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்றால், இந்த மகிழ்ச்சி கிடைத்திருக்காது. வானில் உண்மையிலேயே நடப்பது இதுதான் என்று தெரிவதால்தான் அந்த இணைப்பு முடிந்த கணத்தில் நாற்காலியை விட்டு எழுந்து கத்துகிறோம்.

நெம்புகோல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வால்மீன் அவர்களின் பதிவைப் படித்தபின் அந்த விளையாட்டின் விவரங்களைத் தேடிப் பார்த்தேன். கெர்பின் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர். ஆனால் தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ள அதே 9.81. பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்பதால், இவ்வளவு சிறிய கோளில் அதே ஈர்ப்பு வேண்டுமானால் அடர்த்தி பூமியைப் போல் பத்தரை மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 58 கிராம் வருகிறது. தனிமங்களில் மிக அடர்ந்த ஆஸ்மியமே 22.6 கிராம்தான். அப்படியொரு கோளை எதைக்கொண்டும் செய்ய முடியாது. இதை எப்படி உண்மை என்கிறீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கோளின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் சேர்ந்து ஒரு கலத்தை அவற்றோடு ஒத்தே சுற்றவைக்கும் லக்ராஞ்சு புள்ளிகளை இதில் மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

வால்மீன் எழுதியது:

உங்கள் கணக்கு சரிதான் ஐயா. அளவுகள் பொய், விதிகள் மெய் என்பதே என் வாதம். கெர்பினில் 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற நொடிக்கு ஏறத்தாழ 2250 மீட்டர் வேகம் போதும். ஒரு சுற்று 33 நிமிடத்தில் முடிந்துவிடும். பூமியில் அதே வேலைக்கு நொடிக்கு எட்டு கிலோமீட்டரை நெருங்க வேண்டும்; ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கோளைச் சுருக்கியதால் ஏவுதல் சில நிமிடங்களில் முடிகிறது, சிறிய ராக்கெட்டும் போதுமானதாகிறது. பாதைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவில் அவர்கள் கை வைக்கவில்லை.

விதியிலேயே கை வைத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் அதே விளையாட்டில் சான்று உண்டு. 2015க்கு முந்தைய பதிப்புகளில் காற்றுத் தடையைப் பாகத்தின் வடிவத்தைப் பார்க்காமல் அதன் நிறையை வைத்துக் கணக்கிட்டார்கள். அதனால் ராக்கெட்டின் தலையில் கூம்பு பொருத்தினால் பயன் எதுவும் இல்லை; எடையும் தடையும் கூடியதுதான் மிச்சம். நம்பத்தகுந்த விதிதான், எப்போதும் மாறாத விதிதான். ஆனாலும் விளையாடியவர்கள் பொறுக்கவில்லை. காற்றியக்கத்தைச் சரிசெய்யும் துணை நிரலைத் தாங்களே எழுதிப் பொருத்திக்கொண்டார்கள். முழுப் பதிப்பு வந்தபோது நிறுவனமும் அதைத் திருத்தியது. மாரியோவிடம் இப்படி யாரும் சண்டைக்குப் போகவில்லையே, ஏன்? ராக்கெட் என்று சொல்லி நம்மை அழைத்தவர்கள் அவர்கள். காளான் தின்று வளரும் குழாய்த் தொழிலாளியின் கதையைச் சொல்லி அழைத்தவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்க முடியாது.

பின்னிரவு நிரலர் எழுதியது:

கூம்பு பற்றிய எடுத்துக்காட்டு என் கருத்தைச் சற்று ஆட்டித்தான் வைக்கிறது. நிஜ உலகத்திலிருந்து ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஒன்றோடு மோதும் விதி, எவ்வளவு சீரானதாக இருந்தாலும் நம்பிக்கை பெறாது என்று என் முதல் பதிவில் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

லக்ராஞ்சு புள்ளிகளைப் பொறுத்தவரை, அந்த விளையாட்டில் உள்ளபடியே காட்ட முடியாது ஐயா. அதில் விண்கலத்தை எந்த நேரத்திலும் ஒரே ஒரு கோளோ நிலவோதான் ஈர்க்கும். கலம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியவுடன் முதல் கோளின் ஈர்ப்பு முற்றிலும் அறுந்து, அடுத்ததன் ஈர்ப்பு தொடங்கும். இரண்டு ஈர்ப்புகள் சேர்ந்து சமன்படும் இடம் அப்படிப்பட்ட உலகில் இருக்க வழியில்லை. இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு: ஒரே ஒரு பொருள் ஈர்க்கும் பாதையைக் கெப்ளரின் சமன்பாட்டால் முன்கூட்டியே முழுவதும் வரைந்துவிடலாம். பல மாதப் பயணத்தைச் சில நொடிகளில் ஓட்டிக் காட்டும்போதும் பிழை சேராது.

'பிரின்சிபியா' என்ற துணை நிரலைப் பொருத்தினால் எல்லாப் பொருள்களும் எல்லாவற்றையும் ஈர்க்கும் முழுக் கணக்கு நடக்கும். நீங்கள் கேட்ட புள்ளிகளும் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூல் என்ற பெருங்கோளுக்கு விளையாட்டை உருவாக்கியவர்கள் ஐந்து நிலவுகளை நெருக்கமாக வைத்திருந்தார்கள். முழு ஈர்ப்பு வந்தவுடன் அந்த அமைப்பு நிலைத்து நிற்கவில்லை. நிலவுகள் ஒன்றையொன்று இழுத்துக் குலைத்தன. ஆகவே பிரின்சிபியாவை எழுதியவர்கள் அந்த நிலவுகளின் சுற்றுப்பாதைகளைத் திருத்தி அமைத்தே தருகிறார்கள். வகுப்பில் காட்டுவதாக இருந்தால், திருத்தாத அமைப்பு ஏன் குலைகிறது என்று மாணவர்களையே முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். கல்லூரிக் கணினிகள் பழையவையாக இருந்தால் உங்கள் சொந்த மடிக்கணினியைக் கொண்டுபோவது நல்லது. இந்தக் கணக்கு அவற்றைத் திணற அடித்துவிடும்.